எந்த நாள் நல்லா இருக்கும்னு கேட்ட டாக்டரம்மா

எனக்கு செவ்வாக்கிழமைக்கு டோக்கன் போட்டிருந்துச்சு. வருசத்துக்கு ஒருக்கா எடுக்கிற ரத்தப் பரிசோதனை. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கிட்டு உக்காந்திருக்கேன், என் வூட்டுக்காரர் வாசப்படியில நிக்கிறாரு. பேசி முடிச்சும் போனைக் காதுலேர்ந்து எடுக்கல. இன்னாய்யான்னு கேட்டேன்.

"கிளினிக் கீதா பேசிச்சு. கோமதி டாக்டரு காத்தால எழுந்துக்கவே இல்லையாம் மே. தூக்கத்துலயே போய்ட்டாங்களாம்."

நெத்திலிய அப்படியே விட்டுட்டு எழுந்தேன். கை கழுவினேனா இல்லையான்னு இப்பவும் நெனவு இல்ல. மாதா படத்துக்கு முன்னாடி போய் நின்னேன். ஜெபமாலையக் கையில எடுத்தேன், ஆனா ஒரு மணி கூட நகரல. இந்த உடம்புல இன்னிக்கு ஓடுற ரத்தம் அந்தம்மா தேடிக் குடுத்தது. அதச் சொல்லத்தான் இத எழுதுறேன். எனக்கு எழுத்து அவ்வளவா வராது. ஊர்ல எட்டாவது வரைக்கும்தான். பேசுற மாதிரியே எழுதுறேன், டாக்டரம்மாவத் தெரிஞ்சவங்க பொறுத்துக்கோங்க.

திருவொற்றியூர் ஹைரோட்டுல அவங்கப்பாவோட இரும்புக் கடைக்கு மேல கிளினிக். கீழ கம்பி வெட்டுற சத்தம், மேல இவங்க சத்தம். இவங்க சத்தம்தான் பெருசா கேக்கும். குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். நான் தூத்துக்குடிப் பக்கம், ராயபுரத்துல வாக்கப்பட்டவ. மெட்ராசுக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல ஆனாலும், ரெண்டு பேருக்கும் கோவம் வந்தா ஊர்ப் பேச்சு தன்னால வந்துரும். "ஏட்டி, சொன்னாக் கேக்க மாட்டியா"ன்னு அவங்க என்னத் திட்டினா, சொந்தக்காரங்க திட்டின மாதிரி இருக்கும்.

முதல்ல நான் எனக்காகப் போகல. என் வூட்டுக்காரர் லூர்துக்கு சர்க்கரை. ஹார்பர்ல கிரேன் ஓட்டினவரு, அப்பதான் வேலையிலேர்ந்து நின்னிருந்தாரு. அவருக்குத் தொணையாப் போனேன். டாக்டரம்மா அவரோட சீட்டப் பாத்தாங்க, மாத்திரை எழுதினாங்க, எழுதிக்கிட்டே என்னப் பாத்தாங்க.

"இவருக்கு சர்க்கரை, அதுக்கு மாத்திரை இருக்கு. உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா, கொஞ்சம் அசதி."

"கையக் குடுங்க"ன்னு வாங்கி, மேஜ மேல இருந்த டம்ளர்ல வெரல நனச்சு, என் கட்டவெரல் நகத்துல ஒரு சொட்டுத் தண்ணி வுட்டாங்க. அது உருண்டு வுழல. கரண்டியில நிக்கிற மாதிரி நகத்துக் குழியில நின்னுச்சு. அத ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருந்தோம். "ஒண்ணும் இல்லாத நகத்துல தண்ணி நிக்காதே பிலோமினா"ன்னாங்க.

அப்ப நான் முப்பத்தெட்டு கிலோ. நாலு வருசமா வயித்தால போறது, வாய்ப்புண்ணு, வயிறு உப்புறது. பன்னெண்டு இருக்க வேண்டிய ரத்தம் ஆறுக்கு எறங்கி ரெண்டு தடவ ஆஸ்பத்திரியில படுத்து ரத்தம் ஏத்திக்கிட்டேன். ஏத்தினது மூணு மாசம் கூட நிக்காது. ஒரு டாக்டர் அல்சர்னாரு, ஒருத்தர் பூச்சின்னாரு. இன்னொருத்தர், மாதவிலக்கு நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும், கோதுமை சேத்துக்கோங்க தெம்பு வரும்னாரு. வீட்டுலதான் கோதுமைக்குப் பஞ்சமே இல்லியே. அவரு சர்க்கரைக்கு ராத்திரி சப்பாத்தி, காலையில கோதுமை ரவை. அவருக்கு சமைக்கிறதத்தான் நானும் சாப்பிடுவேன். ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தவங்க என்ன கொண்டு வருவாங்க? நம்ம பக்கம் நோயாளியப் பாக்கப் போனா ரொட்டி பாக்கெட்டு, பன்னு, ரஸ்க்கு, அதான வழக்கம். எங்க கோயில் அன்பியக் குழுப் பொம்பளைங்க ஒவ்வொருத்தியும் ஒரு ரொட்டி பாக்கெட். வயிறு சரியில்லன்னு வேற எதுவும் துன்னாம, அன்போட வந்த அந்த ரொட்டியப் பால்ல நனச்சு நனச்சுத் துன்னேன். ஆறுறதுக்குப் பதிலா இன்னும் படுத்தேன். தெருவுல என்னென்னமோ வியாதி பேரெல்லாம் பேசினாங்க. சின்னவ கல்யாணத்தையாவது பாத்துடணும்னு மாதாகிட்ட நேந்துக்கிட்டேன். அதுக்கு மேல கேக்கத் தைரியம் இல்ல.

எல்லா டாக்டரும் என்கிட்ட கேட்டது, என்னிக்கு ஜாஸ்தியா இருக்குன்னுதான். கோமதி டாக்டர் ஒருத்தங்கதான் வேற மாதிரி கேட்டாங்க. "எந்த நாள் நல்லா இருக்கும்?"

எனக்கு யோசிக்கவே வேணாம். "தபசு காலத்துலம்மா. ஈஸ்டருக்கு முன்னாடி நாப்பது நாளும் வயிறு ஓரளவுக்கு சொன்னபடி கேக்கும். ஆண்டவர் பாத்துக்குறாரு."

"பாத்துக்கட்டும். அப்ப என்ன சாப்பிடுவீங்க?"

"ஒருசந்தி விரதமாச்சேம்மா. நொய்க்கஞ்சி, தொவையல். ராத்திரிக்கும் அதேதான்."

"சப்பாத்தி?"

"நேத்திக்கடன் இருக்கிறப்ப ஏதும்மா சப்பாத்தி?"

பேனாவ மூடி வச்சாங்க. "கோதுமை துன்னுற பஞ்சாப்புக்காரங்களுக்குத்தான் வரும்னு நெனச்சு இங்க யாரும் தேடுறதில்ல"ன்னாங்க. சீலியாக்னு அன்னிக்குத்தான் அந்தப் பேர மொத மொதல்ல கேட்டேன்.

பயந்து போய் அன்னிக்கே கோதுமைய நிறுத்தப் போனேன். கூடாதுன்னுட்டாங்க. பரிசோதனை முடியிற வரைக்கும் எப்பவும் போலத் துன்னணும், நிறுத்திட்டா ரத்தத்துல திருடன் ஒளிஞ்சுக்குவான், பிடிக்க முடியாதுன்னாங்க. லூர்து படியெறங்கும்போதே ஆரம்பிச்சிட்டாரு. "இன்னா டாக்டரு மே இது? வெஷம்னும் சொல்றாங்க, துன்னுன்னும் சொல்றாங்க. பேஜாரா கீது." நானும் கர்த்தர் மேல பாரத்தப் போட்டுட்டு மூணு வாரம் சப்பாத்தி துன்னேன். ரத்தத்துல இந்த வியாதியக் காட்டுற எண்ணிக்கை எகிறி நின்னுச்சு. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில வாய் வழியாக் கொழாய வுட்டு, குடல்லேர்ந்து கிள்ளு கிள்ளா எடுத்துப் பாத்தாங்க. அதுலயும் சந்தேகமில்லாம வந்துச்சு.

அத எனக்குப் புரிய வைக்க டாக்டரம்மா மேஜ இழுப்பறையிலேர்ந்து ரெண்டு துண்டு எடுத்தாங்க. ஒண்ணு புதுசு, பூப்பூவா நூல் எழும்பி நிக்கிற டர்க்கி டவல். இன்னொண்ணு தொவச்சுத் தொவச்சு வழவழன்னு ஆன பழசு. ரெண்டு மேலயும் தண்ணி ஊத்தினாங்க. புதுசு உறிஞ்சிடுச்சு. பழசுல தண்ணி வழிஞ்சு மேஜ மேல ஓடி, லூர்து வேட்டியில வுழுந்துச்சு.

"குடலுக்குள்ள இந்த நூல் மாதிரி இருக்கு. சாப்பாட்டுச் சத்த அதுதான் உறிஞ்சும். கோதுமையில குளூட்டன்னு ஒண்ணு. பார்லியிலயும் உண்டு. அது உள்ள போனா, உங்க உடம்போட காவல்காரனே எதிரின்னு நெனச்சு அடிக்கிறான். அடி வுழுறது உங்க குடல் மேல. நூலெல்லாம் உதுந்து பழந்துண்டு ஆயிடுச்சு. இரும்பு மாத்திரை எவ்வளவு துன்னாலும் எங்க ஒட்டும்?"

"மருந்தும்மா?"

"மருந்து கெடையாது. சீட்டுல எழுத ஒண்ணும் இல்ல, உங்க சமையல் ரூம்லதான் எழுதணும். கோதுமை, மைதா, ரவை, சேமியா ஆயுசுக்கும் கெடையாது. ஒரு துளி கூட. நிறுத்திட்டா நூல் தானா மொளைக்கும். அடுத்த தடவ வரும்போது சமையல் ரூமப் பையில போட்டு எடுத்துட்டு வாங்க."

வெளையாட்டுக்கு சொல்றாங்கன்னு நெனச்சேன். இல்ல. ரெண்டு கட்டப்பையில டப்பா டப்பாவா எடுத்துட்டுப் போனேன். ஒவ்வொண்ணாத் தொறந்து மோந்து பாத்து, பின்னாடி இருக்கிற பொடி எழுத்தக் கண்ணாடி போட்டுப் படிச்சாங்க. மொளகாத்தூள், மல்லித்தூள் எல்லாம் தாண்டிப் பெருங்காய டப்பாவுல நின்னாங்க. "இதுல பாதி மைதா"ன்னு தனியா வச்சாங்க. ரசம், சாம்பாரு, தொவையல், எதுல நான் பெருங்காயம் போடாம இருந்தேன்? தோசைக்கல்லையும் விடல. அவரு சப்பாத்தி சுடுற கல்லுலயா உங்க தோசையும்னு கேட்டு, வேற கல்லு வாங்க வச்சாங்க. "வயிறு பொய் சொல்லாது பிலோமினா. வாய்தான் மறந்துடும்"னு அடிக்கடி சொல்வாங்க. அத நான் பின்னாடி நல்லாப் புரிஞ்சுக்கிட்டேன்.

ஆறு மாசத்துல நாலு கிலோ ஏறினேன். வயித்தால போறது நின்னுச்சு. ஆனா ரத்தத்துல அந்த எண்ணிக்கை மட்டும் பாதி எறங்கி அங்கயே நின்னுடுச்சு. எட்டு மாசம், பத்து மாசம், அசையல. ரத்தம் மறுபடியும் எறங்க ஆரம்பிச்சிடுச்சு. டாக்டரம்மா சீட்டக் கீழ வச்சு, "ஒளிச்சுத் துன்னுறியாட்டி?"ன்னு கேட்டுட்டாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க அழுகை. மக நிச்சயதார்த்தத்துல கேக்கு வெட்டுறப்ப ஒரு துணுக்கு வாயில வைக்காதவ நான். "மாதா சத்தியமா"ன்னு எழுந்துட்டேன்.

"சத்தியம் வேணாம், உக்காருங்க. நீங்க துன்னலன்னு நம்புறேன். அப்ப நமக்குத் தெரியாம எங்கயோ போகுது. காலையில எழுந்ததுலேர்ந்து வாயில என்னென்ன வைக்கிறீங்களோ எல்லாம் சொல்லுங்க."

தண்ணி, டீ, இட்லின்னு ராத்திரி வரைக்கும் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. "சரி, வியாழக்கிழமை ஒரு நாள் உங்க கூடவே இருக்கேன்"னாங்க. எந்த டாக்டர் சொல்வாங்க இப்படி? "நான் அஞ்சு மணிக்கே எழுந்து பூசைக்குப் போயிடுவேனேம்மா"ன்னேன். "அங்கயும் வர்றேன்"னாங்க.

சொன்னபடியே ஸ்கூட்டர்ல வந்து எறங்கினாங்க. பொம்பளைங்க பக்கம் கடைசி பெஞ்சுல, முந்தானைய எங்கள மாதிரியே தலையில போட்டுக்கிட்டு உக்காந்தாங்க. நாங்க எழுந்தா எழுந்தாங்க, முட்டி போட்டா தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. நான் போய் நன்மை வாங்கிட்டு வந்தேன். டாக்டரம்மா வீட்டுக்காரங்களும் படிப்பாங்கன்னு சொல்றேன், நன்மைன்னா பூசையில சாமியார் நாக்குல வைக்கிற அப்பம். ஒரு ரூபாக் காசு அளவு, வெள்ளையா, காகிதம் மாதிரி இருக்கும். எங்களுக்கு அது அப்பம் இல்ல, ஆண்டவரோட உடம்பு. பத்து வயசுல புதுநன்மை வாங்கினதுலேர்ந்து ஒடம்பு முடியாத நாளத் தவிர நான் வாங்காம இருந்ததில்ல.

பூசை முடிஞ்சு கோயில் கேட்டுகிட்ட நின்னோம்.

"பிலோமினா, தப்பா எடுத்துக்காதீங்க. அது உங்களுக்குக் கடவுள். அதுல நான் ஒண்ணும் சொல்லல. கடவுளா ஆகுறதுக்கு முன்னாடி அது என்னவா இருந்துச்சு?"

"கோதுமை..."ன்னேன். கன்னியாஸ்திரிங்க மடத்துல கோதுமை மாவக் கரச்சு அச்சுல வச்சுச் சுடுறத ஊர்ல சின்ன வயசுல என் கண்ணால பாத்தவ. அவங்க கேட்டப்ப வாயில வைக்கிறத எல்லாம் சொன்னேன், இதச் சொல்லணும்னு தோணவே இல்ல. சாப்பிடுறதாவே நான் நெனச்சதில்லியே.

"நிறுத்தச் சொல்லப் போறீங்களா?"ன்னு கேட்டேன். அதுக்கு நான் செத்தே போறேன்னும் சொன்னேன். ரோஷத்துல சொல்லல, மனசாரத்தான் சொன்னேன்.

"அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. நாலு நாள் குடுங்க"ன்னு ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டாங்க.

மறுநாளும் போனேன். வரிசையில நின்னேன். சாமியார் நீட்டினாரு. வாங்கினேன். ஆயுசுல மொத தடவையா அது எனக்குக் கோதுமையா ருசிச்சுது. பெஞ்சுக்கு வந்து முட்டி போட்டு, ஆண்டவரே, என்ன இப்படி ஆக்கிட்டீரேன்னு அழுதேன். அதுக்கு அடுத்த நாள் வரிசையில நிக்கல. பக்கத்துல இருந்தவ திரும்பித் திரும்பிப் பாத்தா. என்ன பாவம் பண்ணிட்டு, அத சாமியார்கிட்டச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாம உக்காந்திருக்காளோன்னு நெனச்சிருப்பா.

ஞாயித்துக்கிழமை டாக்டரம்மா மறுபடியும் வந்தாங்க. நேரா பங்குச் சாமியார் ரூமுக்கு. நானும் பின்னாடியே போனேன். சின்ன வயசுச் சாமியார், அப்பதான் மாத்தலாகி வந்திருந்தாரு. டாக்டரம்மா என் ரிப்போர்ட்ட எல்லாம் அவரு முன்னாடி பரப்பி, துண்டுக் கதையும் சொல்லி முடிச்சாங்க. சாமியார் என்னத்தான் பாத்தாரு. "ஏம்மா, அப்பத்துலயும் முழு ஆண்டவர்தான், ரசத்துலயும் முழு ஆண்டவர்தான். ஒண்ணு மட்டும் வாங்கினாலும் கொறையில்ல. திராட்ச ரசம் ஒரு சொட்டு வாங்கிக்கோங்க. இத ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேக்கணும்னே தெரியல சாமி."

எனக்கு உசிரு வந்துச்சு. ஆனா டாக்டரம்மா எழுந்துக்கல. "ஃபாதர், ஒரு சந்தேகம். பூசையில பெரிய அப்பத்த உடைச்சீங்கல்ல, அதுல ஒரு துணுக்கக் கிள்ளிக் கிண்ணத்துக்குள்ள போட்டீங்க. அந்த ரசத்துலயா இவங்களுக்கும்?"

சாமியார் சிரிச்சாரு. "அம்பது வருசம் பூசை பாத்தவங்களே அதக் கவனிச்சிருக்க மாட்டாங்க. நீங்க ஒரு பூசையில பாத்துட்டீங்களே"ன்னாரு. எனக்கு வெக்கமாப் போச்சு, அந்த அம்பது வருசத்துக்காரி நான்தான்.

அன்னிலேர்ந்து எனக்குன்னு ஒரு சின்னக் கிண்ணம், தனியாத் தொடைக்க ஒரு துணி. கோயில்ல கொஞ்ச நாள் பேச்சு இருந்துச்சு. "பிலோமினாக்கா பெரிய எடம், தனிக் கிண்ணம்"னு ஒருத்தி. லூர்து வாயும் சும்மா இருக்கல. "எனக்கு ஒரு சொட்டு கூடக் கூடாதுன்றாங்க அந்த டாக்டரு. இவளுக்குத் தெனம் காத்தால ஊத்திக்கச் சொல்லி எழுதிக் குடுத்துகீறாங்க." டாக்டரம்மாகிட்டயே சொன்னாரு. "உம்ம சர்க்கரைய எறக்கிட்டு வாரும், பாப்போம்"னாங்க.

அடுத்த பரிசோதனையில எண்ணிக்கை எறங்குச்சு. அதுக்கு அடுத்ததுல அளவுக்குள்ள வந்துடுச்சு. டாக்டரம்மா இழுப்பறையிலேர்ந்து அந்தப் புதுத் துண்ட எடுத்து என் மடியில போட்டாங்க. "வேற ஆளுக்குக் காட்ட வேணாமாம்மா?"ன்னேன். "கீழ கடைப் பையன்கிட்டச் சொல்லி வேற வாங்கிக்கிறேன், எடுத்துட்டுப் போ"ன்னாங்க. சின்னவ கல்யாணத்துல அம்பத்தோரு கிலோவோட நின்னேன். அவளுக்கும் பெரியவளுக்கும் கூட ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, கூடப் பொறந்ததுங்களுக்கும் புள்ளைங்களுக்கும் வரலாம்னு. மாதா புண்ணியத்துல இல்ல.

டாக்டரம்மாவோட பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். நான் சாப்பிடுற எண்ணத்துல போகல. காரிய வீட்டுல சாம்பாருல பெருங்காயம், பாயசத்துல சேமியா, யாரு பேர்ல குத்தம் சொல்ல முடியும்? கும்பிட்டுட்டு ஓரமா நின்னேன். டாக்டரம்மாவோட வீட்டுக்காரர் கையில ஒரு நோட்டோட வந்தாரு. அவரு பேச்சே கம்மி. "பிலோமினாதான? உங்க பந்தி மாடியில. பெருங்காயம் இல்ல, சேமியா இல்ல. தனி அடுப்பு, தனிக் கரண்டி. உங்க எல்லார் பேரும் அவ நோட்டுல இருந்துச்சு"ன்னாரு.

மேல போனா ஏழு எல. ஆறு பேரு உக்காந்திருந்தாங்க. இந்த ஊர்ல இப்படி நான் ஒருத்திதான்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவங்களும் அப்படித்தான் நெனச்சிருக்காங்க. உங்களுக்குமா, உங்களுக்குமான்னு கேட்டுக்கிட்டோம். மாத்தூர்லேர்ந்து வந்த காலேஜுப் பொண்ணுக்கு, அவங்கம்மா சத்துக்குன்னு பால்ல கலந்து குடுத்த மால்ட்டு மாவு. பார்லி. வள்ளூர்க்காரர் ஒருத்தருக்கு, வெள்ளிக்கிழம தவறாம வாங்கித் துன்ன ரவா கேசரிப் பிரசாதம். என் பக்கத்து எலைக்காரர் போஸ்டர் ஒட்டுறவரு. வாளியில மைதாப் பசை, அந்தக் கையோடயே பீடி. "ஒண்ணும் துன்னலன்னு சத்தியம் பண்ணேன்க்கா. டாக்டரம்மா எங்கூடவே ரயில்வே மதில் வரைக்கும் வந்து நின்னு பாத்துக்கினே இருந்தாங்க. பீடிய வாயில வச்சேன். கையப் பாருயான்னாங்க"ன்னாரு. சொல்லிட்டு சோத்துல கைய வச்சுக்கிட்டு அப்படியே இருந்தாரு. அப்புறம் பச்சரிசிப் பாயசம் வந்துச்சு. ஒளிச்சுத் துன்னுறியான்னு யாரும் கேக்க முடியாத பந்தியில, ஏழு பேரும் ரெண்டாந்தரம் வாங்கித் துன்னோம்.

டாக்டரம்மா பேர்ல ஒரு பூசை வைக்கச் சொன்னேன். நோட்டுல எழுதும்போது சாமியார், ஞானஸ்நானப் பேரு என்னம்மான்னு கேட்டாரு. கோமதிதான் சாமின்னேன். அவரும் கோமதின்னே எழுதிக்கிட்டாரு.

அந்தத் துண்ட நான் ஒரு நாளும் தொவைக்கப் போடல. பீரோவுல மடிச்சு வச்சிருக்கேன், நூலு இன்னும் எழும்பித்தான் நிக்குது. ஆனா அவங்ககிட்டேர்ந்து நான் வச்சுக்கிட்டது அது இல்ல. இப்ப யாருக்காவது உடம்பு முடியலன்னு ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனா நான் ரொட்டி பாக்கெட் வாங்குறதில்ல. கைய வீசிக்கிட்டுத்தான் போறேன். கட்டிலாண்ட ஸ்டூலப் போட்டு உக்காந்து, கையப் புடிச்சு, நகத்தப் பாத்துட்டு, எந்த நாள் நல்லா இருக்கீங்கன்னு கேக்குறேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் எழுந்துக்கிறதில்ல.